இந்தியாவில் ஆற்றல் ஆய்வுக்கான நாடாளுமன்ற நிதி ஒதுக்கீடு

இந்தியாவில் ஆற்றல் ஆய்வுக்கான நாடாளுமன்ற நிதி ஒதுக்கீடு என்பது அணுவாற்றல், சூரிய ஆற்றல், காற்றாற்றல், எண்ணெய், மின்கலம் முதலிய துறைகளில் நடுவண் அரசு மேற்கொள்ளும் அறிவியல் ஆய்வுகளுக்கு நாடாளுமன்றம் சட்ட இசைவும் பணமும் வழங்கும் முறையைக் குறிக்கின்றது. இதில் இரு வேறு செயல்கள் அடங்கியுள்ளன. ஒன்று, ஆய்வை நடத்துவதற்கான அதிகாரத்தையோ நிறுவனத்தையோ சட்டத்தின் மூலம் உருவாக்குதல். மற்றொன்று, அந்த ஆய்வுக்கான பணத்தை ஆண்டுதோறும் வாக்கெடுத்து வழங்குதல். முதலாவது சில பதிற்றாண்டுகளுக்கு ஒருமுறை நிகழ்வது. இரண்டாவது ஒவ்வோர் ஆண்டும் புதிதாக நிகழ வேண்டியது.

ஒரு புதிய வகை அணு உலையை வடிவமைத்துக் கட்டி முடிக்கப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகலாம். ஆனால் நாடாளுமன்றம் வழங்கும் பணத்தின் ஆயுள் ஓர் ஆண்டே. நீண்டகால ஆய்வுக்குத் தேவையான தொடர்ச்சி, மக்கள் பணத்தின் மீது மக்களவைக்கு இருக்க வேண்டிய கட்டுப்பாடு ஆகிய இரண்டையும் எவ்வாறு இணைப்பது என்பதே இத்துறையின் மையச் சிக்கலாகும். இக்கட்டுரையில் கல்பாக்கம் ஆய்வு மையம் முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது.

அரசியலமைப்பு அடிப்படை

இந்திய அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில், அணுவாற்றலும் அதற்குத் தேவையான கனிமங்களும் ஒன்றியப் பட்டியலின் 6 ஆம் பதிவில் உள்ளன. எனவே இவை பற்றிச் சட்டம் இயற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்திற்கு மட்டுமே உண்டு. எண்ணெய் வயல்களும் ஒன்றியப் பட்டியலைச் சார்ந்தவை. மின்சாரம் பொதுப் பட்டியலின் 38 ஆம் பதிவில் உள்ளது. அது குறித்து மாநிலச் சட்டமன்றங்களும் சட்டம் இயற்றலாம்.

பணத்தைப் பொறுத்தவரை கீழ்க்காணும் உறுப்புகள் முதன்மையானவை.

- உறுப்பு 112: ஆண்டு நிதிநிலை அறிக்கை, அதாவது வரவு செலவுத் திட்டம், இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டும்.
- உறுப்பு 113: ஒவ்வொரு துறையின் செலவும் மானியக் கோரிக்கையாக மக்களவையின் வாக்குக்கு வர வேண்டும். மக்களவை அதை ஏற்கலாம், மறுக்கலாம் அல்லது குறைத்து ஏற்கலாம்.
- உறுப்பு 114: மானியங்கள் ஏற்கப்பட்ட பின் நிதி ஒதுக்கச் சட்டம் இயற்றப்பட வேண்டும். அச்சட்டமின்றித் தொகுப்பு நிதியிலிருந்து பணம் எடுக்க இயலாது.
- உறுப்பு 115: ஆண்டின் நடுவே பணம் போதாவிடில் துணை மானியமும், ஒதுக்கியதற்கு மேல் செலவாகியிருப்பின் மிகை மானியமும் கோரப்பட வேண்டும்.
- உறுப்பு 116: முழு வரவு செலவுத் திட்டம் நிறைவேறும் வரை முன்பண மானியம் வழங்கலாம்.

குடியரசுத் தலைவரின் பரிந்துரையின்றி எந்த மானியக் கோரிக்கையும் எழுப்ப இயலாது. நடைமுறையில் இது அரசின் பரிந்துரையே ஆகும். ஆகவே ஒரு மக்களவை உறுப்பினர் சூரிய மின்கல ஆய்வுக்குக் கூடுதல் பணம் தேவை என்று கருதினாலும், அத்தொகையை உயர்த்தும்படி தீர்மானம் கொண்டுவர முடியாது. குறைக்கும்படி மட்டுமே கோர முடியும். மாநிலங்களவை மானியக் கோரிக்கைகள் மீது வாக்களிப்பதில்லை. நிதி ஒதுக்கச் சட்டமுன்வரைவைப் பரிந்துரைகளுடனோ அவையின்றியோ 14 நாட்களுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும்.

இசைவளிக்கும் சட்டங்கள்

விடுதலைக்குப் பின் ஆற்றல் ஆய்வு தொடர்பாக இயற்றப்பட்ட முதல் பெரும் சட்டம் 1948 ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டமாகும். அவ்வாண்டு ஏப்ரலில், சட்டமியற்றும் அவையாகவும் செயற்பட்டுவந்த அரசியல் நிர்ணய மன்றத்தில் பிரதமர் சவகர்லால் நேரு இதனை முன்மொழிந்தார். விவாதத்தில் எஸ். வி. கிருஷ்ணமூர்த்தி ராவ் என்ற உறுப்பினர், இதிலுள்ள இரகசியக் காப்பு விதிகள் அமெரிக்க, பிரித்தானியச் சட்டங்களில் உள்ளவற்றைவிடக் கடுமையானவை என்று சுட்டிக்காட்டினார். அமைதி நோக்கிலான ஆய்வையும் படைத்துறை நோக்கிலான ஆய்வையும் பிரித்தறிவது கடினம் என்ற பொருளில் நேரு விடையளித்தார். ஆய்வுக்கு இசைவளிக்கும் அவை அந்த ஆய்வைப் பற்றி எவ்வளவு அறிந்துகொள்ளலாம் என்ற இக்கேள்வி பின்னரும் பலமுறை எழுந்துள்ளது.

1948 ஆகத்து 10 அன்று அணுசக்தி ஆணையம் அமைக்கப்பட்டது. 1954 ஆகத்து 3 அன்று அணுசக்தித் துறை பிரதமரின் நேரடிப் பொறுப்பில் உருவாக்கப்பட்டது. 1958 மார்ச்சு 1 ஆம் நாளிட்ட அரசுத் தீர்மானம், நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்த வரவு செலவு ஒதுக்கீட்டு வரம்புக்குள் அணுசக்தித் துறையின் பணிகளுக்கு நடுவண் அரசின் நிர்வாக, நிதி அதிகாரங்களை ஆணையத்திற்கு வழங்கியது. 1962 ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டம் முந்தைய சட்டத்திற்கு மாற்றாக வந்தது. அதன் 3 ஆம் பிரிவு, அணுவாற்றலை உருவாக்கவும் பயன்படுத்தவும் அது தொடர்பான ஆய்வுகளை நடத்தவும் நடுவண் அரசுக்கு அதிகாரமளித்தது. 18 ஆம் பிரிவு தகவல்களை வெளியிடுவதைக் கட்டுப்படுத்த வழிவகுத்தது.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சாந்திச் சட்டம், 1962 ஆம் ஆண்டுச் சட்டத்தையும் 2010 ஆம் ஆண்டின் அணுவிபத்து இழப்பீட்டுப் பொறுப்புச் சட்டத்தையும் நீக்கி, அவ்விரண்டின் இடத்தில் ஒரே சட்டத்தை ஏற்படுத்த வழிசெய்தது. அணுமின் துறையில் தனியார் பங்கேற்புக்கும் இது இடமளிக்கின்றது.

அணுவாற்றல் தவிர்ந்த துறைகளில் குறிப்பிடத்தக்க சட்டங்கள் வருமாறு:

- எண்ணெய்த் தொழில் மேம்பாட்டுச் சட்டம், 1974: கச்சா எண்ணெய் மீதான மேல்வரிக்கும் எண்ணெய்த் தொழில் மேம்பாட்டு வாரியத்திற்கும் அடிப்படை.
- ஆற்றல் சேமிப்புச் சட்டம், 2001: ஆற்றல் திறன் செயலகத்தை நிறுவியது. ஆற்றல் சேமிப்பு ஆய்வை ஊக்குவித்தலும் அதன் பணிகளுள் ஒன்று.
- அனுசந்தான் தேசிய ஆய்வு நிறுவனச் சட்டம், 2023: அனைத்து அறிவியல் துறைகளுக்கும் பொதுவான ஆய்வு நல்கை அமைப்பை உருவாக்கியது.

மாறாக, 19,744 கோடி ரூபாய் மதிப்பீட்டில் 2023 சனவரியில் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஐதரசன் இயக்கத்திற்குத் தனிச் சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை. அமைச்சரவையின் முடிவே அதற்கு அடிப்படை. அம்மதிப்பீட்டில் ஆய்வு, மேம்பாட்டுப் பணிகளுக்குரிய பங்கு 400 கோடி ரூபாய். இந்தியாவில் பெரும்பாலான ஆற்றல் ஆய்வுத் திட்டங்கள் இவ்வகையைச் சார்ந்தவை. அமைச்சரவை முடிவெடுக்கின்றது; நாடாளுமன்றம் ஆண்டுதோறும் அதற்கான பணத்தை வாக்களித்து வழங்குகின்றது.

ஓர் ஆண்டின் நிதிச் சுழற்சி

ஏப்ரல் 1 இல் தொடங்கும் நிதியாண்டுக்கான பணம் கீழ்க்காணும் படிநிலைகளைக் கடந்து ஆய்வகத்தைச் சென்றடைகின்றது.

1. ஆய்வு மையங்கள் தம் தேவைகளைத் துறைக்கு அனுப்புகின்றன. துறை அவற்றைத் தொகுத்து நிதி அமைச்சகத்துடன் பேசி முடிவுசெய்கின்றது.
2. வரவு செலவுத் திட்டம் மக்களவையில் வைக்கப்படுகின்றது. 2017 முதல் வழக்கமாகப் பிப்ரவரி 1 அன்று இது நிகழ்கின்றது.
3. அவைகள் இடைவேளை கொள்ளும்போது துறைசார் நிலைக்குழுக்கள் மானியக் கோரிக்கைகளை ஆராய்ந்து அறிக்கை அளிக்கின்றன.
4. மக்களவையில் விவாதமும் வாக்கெடுப்பும் நடைபெறுகின்றன. உறுப்பினர்கள் வெட்டுத் தீர்மானங்கள் கொண்டுவரலாம். கோரிக்கையை 1 ரூபாயாகக் குறைக்கக் கோருவது கொள்கை வெட்டு. குறிப்பிட்ட தொகையைக் குறைக்கக் கோருவது சிக்கன வெட்டு. ஒரு குறையைச் சுட்ட 100 ரூபாய் குறைக்கக் கோருவது அடையாள வெட்டு.
5. விவாதத்திற்கு ஒதுக்கிய நாட்களின் இறுதியில், எஞ்சிய கோரிக்கைகள் அனைத்தும் விவாதமின்றி ஒரே நேரத்தில் வாக்குக்கு விடப்படுகின்றன. இது கில்லட்டின் எனப்படும்.
6. நிதி ஒதுக்கச் சட்டமுன்வரைவு நிறைவேறி, மாநிலங்களவையைக் கடந்து, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெறுகின்றது.

ஐந்தாம் படிநிலை சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. ஐம்பதுக்கு மேற்பட்ட அமைச்சகங்களுள் ஒரு சிலவற்றின் கோரிக்கைகளே ஆண்டுதோறும் அவையில் விரிவாக விவாதிக்கப்படுகின்றன. 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் அனைத்துக் கோரிக்கைகளும் விவாதமின்றி நிறைவேறின. எனவே சட்டப்படி மக்களவையிடம் உள்ள கட்டுப்பாடு, நடைமுறையில் பெரிதும் நிலைக்குழுக்களின் உழைப்பைச் சார்ந்தே உள்ளது.

அணுசக்தித் துறைக்கு 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் ஏறத்தாழ 24,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. இது முழுவதும் ஆய்வுக்கானதன்று. எரிபொருள், கன நீர், மின்னுற்பத்தி நிறுவனங்களில் முதலீடு ஆகியனவும் இதில் அடங்கும். ஆய்வுச் செலவைத் தனியே அறிய விரும்புவோர், அரசுக் கணக்கில் 3401 என்னும் வருவாய்த் தலைப்பையும் 5401 என்னும் மூலதனத் தலைப்பையும் பார்க்க வேண்டும். ஊதியம், நுகர்பொருள் போன்றவை முதலாவதிலும் கட்டடம், கருவி போன்றவை இரண்டாவதிலும் எழுதப்படுகின்றன.

வரவு செலவுத் திட்ட உரையில் வரும் அறிவிப்பும் ஒதுக்கீடும் ஒன்றல்ல. எடுத்துக்காட்டாக, சிறு அணு உலைகளின் ஆய்வுக்கென 20,000 கோடி ரூபாயில் அணுவாற்றல் இயக்கம் ஒன்று 2025 பிப்ரவரி 1 அன்று அறிவிக்கப்பட்டது. உள்நாட்டில் உருவாக்கிய குறைந்தது 5 சிறு உலைகள் 2033 க்குள் இயங்க வேண்டும் என்பது அதன் இலக்கு. அத்தொகை ஒரே நாளில் வழங்கப்பட்டதன்று. அது ஆண்டுதோறும் மானியக் கோரிக்கைகளின் வழியாகவே வந்து சேர வேண்டும்.

கல்பாக்கம்: ஓர் எடுத்துக்காட்டு

இந்தியாவில் யுரேனிய இருப்பு குறைவு. தோரிய இருப்பு மிகுதி. இதனால் ஓமி பாபா மூன்று கட்ட அணுவாற்றல் திட்டத்தை வகுத்தார். அதன் இரண்டாம் கட்டம், எரிப்பதைவிடக் கூடுதலான எரிபொருளை உண்டாக்கும் வேக ஈனுலைகளைச் சார்ந்தது. இவ்வாய்வுக்காக 1971 இல் கல்பாக்கத்தில் உலை ஆய்வு மையம் நிறுவப்பட்டது. 1985 டிசம்பரில் அது இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

மையத்தின் வேக ஈனு சோதனை உலை, பிரான்சின் ரப்சோடி உலை வடிவமைப்பை அடிப்படையாகக் கொண்டது. 1974 இல் பொக்ரானில் நிகழ்ந்த அணுவெடிப்புச் சோதனைக்குப் பின் வெளிநாட்டு ஒத்துழைப்பு சுருங்கியது. செறிவூட்டிய யுரேனியம் கிடைக்காததால், புளுட்டோனியமும் யுரேனியமும் கலந்த கார்பைடு எரிபொருள் உள்நாட்டிலேயே உருவாக்கப்பட்டது. உலை 1985 அக்டோபர் 18 அன்று முதன்முறையாகத் தொடர்வினை நிலையை அடைந்தது.

1971 முதல் 1985 வரையான காலத்தில் ஐந்தாம் மக்களவை முதல் எட்டாம் மக்களவை வரை நான்கு மக்களவைகள் இருந்தன. இந்திரா காந்தி, மொரார்சி தேசாய், சரண் சிங், ராசீவ் காந்தி ஆகிய நால்வர் பிரதமர் பதவி வகித்தனர். ஆட்சி மாறியபோதும் ஆய்வுக்கான பணம் ஆண்டுதோறும் வாக்களிக்கப்பட்டது. எந்த ஓர் ஆண்டிலும் அது நின்றிருக்கக்கூடும், நிற்கவில்லை. இத்தொடர்ச்சிக்குக் காரணம் எந்தச் சட்டப் பிரிவும் அன்று. கட்சிகளுக்கிடையே நிலவிய பொது இசைவும், அரசே பெரும்பான்மை கொண்டிருக்கும் நாடாளுமன்ற முறையும் ஆகும்.

அடுத்த கட்டமான 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலைக்கு 2003 செப்டம்பரில் 3,492 கோடி ரூபாய் மதிப்பீட்டில் அரசு ஒப்புதல் வழங்கியது. இதனைக் கட்டுவதற்காகப் பாவினி என்ற பொதுத்துறை நிறுவனம் 2003 அக்டோபரில் தொடங்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அடித்தளப் பள்ளம் நீரில் மூழ்கியது. 2010 இல் முடிக்கத் திட்டமிட்ட பணி பலமுறை தள்ளிப்போனது. மதிப்பீடும் முதலில் 5,677 கோடி ரூபாயாகவும் பின்னர் அதற்கு மேலும் உயர்த்தப்பட்டது. 2024 மார்ச்சு 4 அன்று உலைக் கரு நிரப்பும் பணி தொடங்கியது.

இங்கு நிதி வழி மாறுவதைக் காணலாம். ஆய்வு மையம் துறையின் ஓர் அங்கம். அதன் செலவு நேரடியாக மானியக் கோரிக்கையில் வருகின்றது. பாவினி ஒரு நிறுமம். அரசு அதில் பங்கு மூலதனமாக இடும் தொகையே நாடாளுமன்றத்தின் வாக்குக்கு வருகின்றது. அப்பணத்தை நிறுமம் எவ்வாறு செலவிட்டது என்பது ஆண்டறிக்கை, தணிக்கை ஆகியவற்றின் வழியே பின்னரே தெரியவரும்.

பிற ஆற்றல் ஆய்வு நிறுவனங்கள்

காரைக்குடியிலுள்ள நடுவண் மின்வேதியியல் ஆய்வகம் அறிவியல், தொழிலக ஆய்வு மன்றத்தைச் சார்ந்தது. இதற்கு வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். 1948 சூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 சனவரி 14 அன்று சர்வபள்ளி இராதாகிருட்டிணன் ஆய்வகத்தைத் திறந்துவைத்தார். மின்கல ஆய்வு இதன் முதன்மைப் பணிகளுள் ஒன்று. இம்மன்றம் 1942 இல் பதிவுசெய்யப்பட்ட ஒரு சங்கமாதலால், நாடாளுமன்றம் வழங்கும் பணம் உதவி மானியமாக அதற்குச் செல்கின்றது.

சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனமும் குருகிராமிலுள்ள தேசியச் சூரிய ஆற்றல் நிறுவனமும் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையிலிருந்தும், பெங்களூரிலுள்ள நடுவண் மின்திறன் ஆய்வு நிறுவனம் மின்துறை அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையிலிருந்தும் உதவி பெறுகின்றன. இதனால் நாட்டின் ஆற்றல் ஆய்வுச் செலவு முழுவதையும் ஒரே கோரிக்கையில் காண இயலாது.

மேல்வரி வழி நிதி

ஆண்டு ஒதுக்கீட்டின் நிலையின்மையைத் தவிர்க்க, குறிப்பிட்ட நோக்கத்திற்கென மேல்வரி விதித்துத் தனி நிதியம் அமைப்பது மற்றொரு வழி. 2010 ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் நிலக்கரி மீது டன்னுக்கு 50 ரூபாய் தூய ஆற்றல் மேல்வரி விதித்தது. இது 2014 இல் 100 ரூபாயாகவும், 2015 இல் 200 ரூபாயாகவும், 2016 இல் 400 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. தூய ஆற்றல் தொழில்நுட்ப ஆய்வுக்கும் புத்தாக்கத் திட்டங்களுக்கும் உதவும் பொருட்டு தேசியத் தூய ஆற்றல் நிதியம் அமைக்கப்பட்டது.

2010-11 முதல் 2017-18 வரை ஏறத்தாழ 86,440 கோடி ரூபாய் திரட்டப்பட்டது. அதில் ஏறத்தாழ 29,650 கோடி ரூபாய் நிதியத்திற்கு மாற்றப்பட்டது. திட்டங்களுக்குச் செலவானது ஏறத்தாழ 15,900 கோடி ரூபாய் மட்டுமே. அதிலும் ஒரு பகுதி, ஆய்வல்லாத அமைச்சகத் திட்டங்களுக்குச் சென்றது. 2017 இல் சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது இம்மேல்வரி நீக்கப்பட்டது. நிலக்கரி மீது மாநிலங்களுக்கான இழப்பீட்டு மேல்வரி விதிக்கப்பட்டது.

இதன் காரணம் சட்ட அமைப்பிலேயே உள்ளது. மேல்வரித் தொகை முதலில் தொகுப்பு நிதியில் சேர்கின்றது. அங்கிருந்து நிதியத்திற்கு மாற்ற மீண்டும் நாடாளுமன்ற ஒதுக்கீடு தேவை. அதை முன்மொழிய வேண்டியது அரசு. எண்ணெய் மேல்வரியின் அமைப்பும் இதுவே. ஆகவே ஒரு வரியின் பெயர் அது செலவாகும் இடத்தை உறுதிசெய்வதில்லை.

மேற்பார்வையும் தணிக்கையும்

துறைசார் நிலைக்குழுக்கள் 1993 இல் தொடங்கப்பட்டன. 2004 முதல் இவற்றின் எண்ணிக்கை 24. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேரும் மாநிலங்களவையிலிருந்து 10 பேரும் இடம்பெறுகின்றனர். அணுசக்தித் துறையை அறிவியல், தொழில்நுட்பம், சுற்றுச்சூழல் குறித்த குழுவும், மின்துறையையும் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் துறையையும் ஆற்றல் குழுவும் ஆராய்கின்றன. இவற்றின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்துவன அல்ல. எனினும் துறை ஒவ்வொரு பரிந்துரைக்கும் எழுத்தில் விடையளிக்க வேண்டும்.

செலவான பணத்தைத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் ஆராய்கிறார். அவருடைய அறிக்கைகளை 22 உறுப்பினர் கொண்ட பொதுக் கணக்குக் குழு ஆய்வுசெய்கின்றது. 2012 இல் வெளியான தணிக்கை அறிக்கை, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்திற்குச் சட்டத் தகுதி இல்லாததைச் சுட்டிக்காட்டியது. பொதுக் கணக்குக் குழுவும் 2013 இல் இதனை வலியுறுத்தியது. இதற்காக 2011 இல் கொண்டுவரப்பட்ட சட்டமுன்வரைவு, 2014 இல் பதினைந்தாம் மக்களவை கலைந்தபோது காலாவதியாயிற்று. வாரியத்திற்குச் சட்டத் தகுதி வழங்கும் விதிகள் 2025 ஆம் ஆண்டின் சாந்திச் சட்டத்தில்தான் இடம்பெற்றன.

ஐக்கிய அமெரிக்க முறையுடன் ஒப்பீடு

ஐக்கிய அமெரிக்காவில் இசைவளித்தலும் ஒதுக்குதலும் தனித்தனிச் சட்டங்களாக, தனித்தனிக் குழுக்களால் கையாளப்படுகின்றன. இசைவுச் சட்டம் ஒரு திட்டத்திற்கு ஆண்டுதோறும் இவ்வளவு வழங்கலாம் என்று உச்சவரம்பைக் குறிக்கும். ஒதுக்கச் சட்டமே பணத்தை வழங்கும். ஆற்றல் உயராய்வுத் திட்ட முகமை 2007 இல் சட்டத்தால் உருவாக்கப்பட்டது. ஆனால் 2009 இல் பொருளாதார மீட்புச் சட்டத்தின் மூலம் 40 கோடி டாலர் கிடைத்த பின்னரே அது இயங்கத் தொடங்கியது.

அமெரிக்கச் சட்டமன்றம் தொகையைக் கூட்டவும் குறைக்கவும் அறவே நிறுத்தவும் வல்லது. 1970 இல் இசைவு பெற்ற கிளிஞ்சு ஆற்று ஈனுலைத் திட்டத்திற்கு 1983 அக்டோபரில் செனட் அவை பணம் மறுத்ததால் அது கைவிடப்பட்டது. கல்பாக்கம் உலையும் அதே தொழில்நுட்பத்தைச் சார்ந்ததே. ஒன்று நின்றதற்கும் மற்றொன்று தொடர்ந்ததற்கும் அறிவியல் மட்டும் காரணமன்று. இரு சட்டமன்றங்களுக்கும் பணத்தின் மீதுள்ள அதிகார வேறுபாடும் ஒரு காரணமாகும். அமெரிக்க முறையில் வீண்செலவை நிறுத்துவது எளிது. நீண்டகால ஆய்வு அறுபடும் இடரும் மிகுதி. இந்திய முறையில் தொடர்ச்சி கிட்டுகின்றது. பயன் தராத திட்டத்தைக் கேள்விக்குட்படுத்தி நிறுத்தும் வாய்ப்பு குறைவு.

வாக்காளர் நோக்கில்

உத்திரமேரூர் வட்டாரத்திலுள்ள காவாந்தண்டலம் போன்ற சிற்றூர்களும் கடற்கரையிலுள்ள கல்பாக்கமும் ஒரே காஞ்சிபுரம் மக்களவைத் தொகுதியில் அடங்குகின்றன. கல்பாக்கம் 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது; இப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளது. ஆகவே இவ்வூர்களின் வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கும் உறுப்பினரே கல்பாக்கம் ஆய்வுக்கான மானியக் கோரிக்கையின் மீதும் வாக்களிக்கின்றார். அவர் துறையிடம் வினா எழுப்பலாம். வெட்டுத் தீர்மானம் கொண்டுவரலாம். மானியக் கோரிக்கைகள், நிலைக்குழு அறிக்கைகள், தணிக்கை அறிக்கைகள் ஆகியவை பொதுமக்கள் இலவசமாகப் படிக்கக்கூடிய ஆவணங்கள்.

முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியம் முதலிய வாரியங்களுக்குக் குடவோலை மூலம் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறையை விவரிக்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும் அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர்கள் என்பது அவற்றிலுள்ள விதிகளுள் ஒன்று. பொதுப் பணத்தைக் கையாள்பவர் கணக்குக் காட்ட வேண்டும் என்னும் அக்கோட்பாடே இன்றைய மானிய வாக்கெடுப்புக்கும் தணிக்கைக்கும் அடிப்படையாக உள்ளது.

இவற்றையும் பார்க்க

- இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம்
- இந்தியாவின் மூன்று கட்ட அணுவாற்றல் திட்டம்
- இந்திய நாடாளுமன்றம்
- நடுவண் மின்வேதியியல் ஆய்வகம்
- குடவோலை முறை